குடித்தவன் ஓட்டிய வண்டியும் நஷ்டஈட்டுச் சட்டமும்

வீட்டில் ஒருவர் குடிகாரன் ஓட்டிவந்த வண்டியில் அடிபட்டுப் படுத்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அவனை உள்ளே தள்ளிட்டாங்களா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் குடும்பத்தின் கவலை வேறு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன செய்வது? வேலைக்குப் போக முடியாதவருக்கு இனி யார் சோறு போடுவது? இதற்குப் பதில் சொல்ல நம் சட்டத்துக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

வெள்ளைக்காரர் காலத்தில், 1855-ல், பிறர் தவறால் இறந்தவரின் குடும்பம் நஷ்டஈடு கேட்க ஒரு சட்டம் வந்தது. உயிர் பிழைத்துக் கால் இழந்தவர் என்றால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்பக் கோர்ட் ஃபீஸ் கட்டி, ஆண்டுக்கணக்காக அலைந்து ஜெயித்தாலும், டிரைவரிடம் காசு இருக்காது. தீர்ப்பு வெறும் காகிதம்.

1939-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு ஒரு வழி செய்தது. வண்டி வைத்திருப்பவர் மூன்றாம் நபருக்காகக் கட்டாயம் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்றது. அந்தப் பகுதி 1946 ஜூலை 1-ம் தேதிதான் அமலுக்கு வந்தது. 1956 திருத்தம் விபத்து வழக்குகளுக்கென்றே தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. நம் ஊர்க் கோர்ட்டுகளில் எம்.சி.ஓ.பி. என்று சொல்கிறார்களே, அது இந்த வழிவந்ததுதான்.

அப்போதும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. டிரைவரின் தவறை அடிபட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். நடுரோட்டில் நினைவிழந்து கிடந்தவர் சாட்சிக்கு எங்கே போவார்? தவறு யாருடையது என்று பாராமல் நஷ்டஈடு தரச் சட்டம் வேண்டும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தம் தீர்ப்புகளில் வற்புறுத்தினார். 1982 திருத்தத்தில் அது ஓரளவு நிறைவேறியது. மரணத்துக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். இன்று 164-ம் பிரிவின்படி மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம்.

குடியைச் சட்டம் பார்த்த விதமும் மாறியது. 1939 சட்டத்தில், வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதை இருந்தால்தான் குற்றம். தள்ளாடினானா இல்லையா என்பதே வாதமாகிவிடும். 1994 திருத்தம், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்று அளவு வைத்தது. 2019 திருத்தத்தில் முதல் தடவைக்கான அபராதம் 10,000 ரூபாய் ஆனது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

அந்த அபராதம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது. அடிபட்டவர் கைக்கு வராது. போலீஸ் போடும் கிரிமினல் வழக்கு ஒரு பாதை, நஷ்டஈட்டு வழக்கு தனிப் பாதை. முதல் வழக்கு முடியட்டும் என்று இரண்டாவதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

"டிரைவர் குடித்திருந்தான், பாலிசி செல்லாது" என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொல்வதுண்டு. 2019 திருத்தத்துக்குப் பின் குடிபோதையைக் காட்டி அவர்கள் எதிர்வாதம் செய்யச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனாலும், கம்பெனி முதலில் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று ஹைகோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. ஆகவே கம்பெனியின் முதல் மறுப்பைக் கேட்டு வழக்கைக் கைவிட்டுவிடக் கூடாது.

வயதான நமக்குச் சில குறிப்புகள். எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல், டிரைவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கை, மருந்துக் கடை பில்கள், சம்பளச் சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை. நீங்கள் வசிக்கும் ஊரிலும் போடலாம். ஊனச் சதவீதம் ஒன்றாகவே இருந்தாலும், கால் போன லாரி டிரைவரின் இழப்பும் மேசை வேலை பார்ப்பவரின் இழப்பும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாக்கியது. அதனால் என்ன வேலை பார்த்தார் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். 164-ம் பிரிவுத் தொகையைச் சமரசமாக ஏற்றுக்கொண்டால், கூடுதல் கேட்டுப் போட்ட 166-ம் பிரிவு மனு முடிந்துபோகும். கையெழுத்துப் போடும் முன் வக்கீலைக் கேளுங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

கடைசியாக ஒன்று. மனு போட 1994-ல் எடுத்துவிட்ட ஆறு மாதக் கெடு, 2022 ஏப்ரல் 1 முதல் திரும்ப வந்துவிட்டது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அந்த முடிவுக்காக நாம் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவதிலேயே ஆறு மாதம் ஓடிவிடும். காயம் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், வீட்டில் யாராவது ஒருவர் முதல் மாதத்திலேயே வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது.