மூங்கில் வில்லும் கப்பி வில்லும்

பெங்களூர் மாநகரில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையத்தில் தமிழ் ஒலி கேளாத தெரு அரிது. அங்கே குடியிருக்கும் எனக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே சோமேசுவரர் திருக்கோயில் அமைந்திருக்கிறது. கன்னட நாட்டுக் கோயிலாயினும் அதன் சிற்பங்களுள் தமிழ் நாயன்மார்களின் உருவங்களும் உண்டு. அறுபத்துமூவருள் வில்லையே வாழ்வாகக் கொண்டவர் கண்ணப்பர். திண்ணன் என்னும் வேடச் சிறுவன் முதன்முதல் வில் பிடித்ததையும், முதல் வேட்டைக்குச் சென்றதையும் சேக்கிழார் விரிவாகவே பாடியிருக்கிறார். வில் பிடிப்பது அந்நாளில் குலமே கூடிக் கொண்டாடிய விழாவாக இருந்தது.

எங்கள் தெருவில் ஓர் இளைஞர் இருக்கிறார். அவருடைய பாட்டனார் மதராஸ் பொறியியல் படையில் பணியாற்றி, ஓய்வு பெற்றபின் இவ்வூரிலேயே தங்கிவிட்டவர். பேரனோ கணிப்பொறித் தொழிலில் இருக்கிறார். நான்காண்டுகளாகக் காம்பவுண்டு வில் என்னும் புதுவகை வில்லில் பயிற்சி பெற்று வந்தவர், சென்ற தைத் திங்களில் அதனை உறையிலிட்டு வைத்துவிட்டு, மூங்கில் வில் ஒன்றை வாங்கி வந்தார். அவர் தந்தைக்கு இது பொறுக்கவில்லை. "அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதை மூலையில் வைத்துவிட்டு மூங்கிலைத் தூக்கிக்கொண்டு திரிகிறானே!" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். பிள்ளையோ, "மாமா, மேல்நாட்டில் பலர் புது வில்லை விட்டுவிட்டுப் பழைய வில்லோடு வேட்டைக்குப் போகிறார்களாம். நமக்கு மட்டும் அது ஏன் கூடாது?" என்று கேட்டார். அவருக்கு நான் அன்று சொன்ன விடையையே சற்று விரித்து இங்கே கூற விழைகிறேன்.

வேட்டைக்கும் வில்லுக்கும் நம்மவர் எத்தகைய மதிப்பு அளித்தனர் என்பதை முதலில் காண்போம். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டில், அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவிச் சென்றதாகக் கூறப்படுகிறது. இதனைப் புலவரின் கற்பனை என்று தள்ளிவிடலாம். ஆயினும் அப்பாட்டின் பிற்பகுதியில், வேட்டையாடியவன் தன்னிடம் வந்த பாணர்க்குத் தான் வேட்டையாடிய விலங்கின் ஊனைக் கொடுக்கிறான். வேட்டையின் பெருமை பகிர்ந்து உண்பதில் நிறைவுற்றது என்பதை அப்புலவர் இவ்வாறு உணர்த்துகிறார்.

கன்னட நாட்டிலும் இம்மதிப்புக் குறைந்ததன்று. கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், அரசர்க்குரிய கலைகளையும் இன்பங்களையும் தொகுத்துரைப்பது. அவற்றுள் வேட்டைக்கும் ஓர் இடம் உண்டு. இதற்கும் முற்பட்ட சான்று ஒன்று பெங்களூர் அருங்காட்சியகத்திற்கு உரியதாக உள்ளது. மண்டியா வட்டாரத்தில் ஆதகூர் என்னும் ஊரில் கிடைத்த அக்கல்லில் இரண்டு செய்திகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று, 949ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தது. அவன் யானைமேல் இருந்தபடியே அம்பு தைத்து மாண்டான் என்று சோழர்களின் லெய்டன் செப்பேடு கூறுகிறது. மற்றொன்று, காளி என்னும் வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் ஒருங்கே மடிந்தது. பேரரசின் போரையும் ஒரு நாயின் வீரத்தையும் ஒரே கல்லில் பொறித்து வைத்த மக்கள், வேட்டையை எளிய பொழுதுபோக்காகக் கருதவில்லை என்பது தெளிவு.

இனி, அவ்வில் மனிதனிடம் எதனை வேண்டிற்று என்று பார்ப்போம். மரத்தாலோ மூங்கிலாலோ ஆன வில்லில் நாணை இழுக்க இழுக்கப் பளு ஏறிக்கொண்டே போகும். நாண் கன்னத்தைத் தொடும் வேளையில் பளு முழுவதும் கையில் நிற்கும். அந்நிலையில் நெடுநேரம் நிற்க எவராலும் இயலாது. சில நொடிகளுக்குள் அம்பை விட்டேயாக வேண்டும். குறிபார்க்கத் தனிக் கருவி கிடையாது. கண்ணும் கையும் பழகிய பழக்கமே குறி. ஆதலின் வேடன் விலங்குக்கு மிக அருகில், ஏறத்தாழ இருபது கஜத் தொலைவுக்குள், செல்ல வேண்டியவனாகிறான். அவ்வளவு நெருங்குவதற்குக் காற்று எத்திசையில் வீசுகிறது, சருகு எங்கே கிடக்கிறது, மான் எந்நேரத்தில் நீர்த்துறைக்கு வரும் என்பனவற்றையெல்லாம் அவன் அறிந்திருக்க வேண்டும். காட்டை அறியாதவனுக்கு அந்த வில் பயன்படாது.

துப்பாக்கி வந்தபின் இவ்வறிவின் தேவை குறைந்தது. ஆயினும் துப்பாக்கி மிகுந்த நாடாகிய அமெரிக்காவிலேயே வில்லை நோக்கித் திரும்பிய முயற்சியும் தோன்றிற்று. அந்நாட்டு உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் பக்கம் நின்று போரிட்ட மாரிஸ் தாம்சன், வில் தாம்சன் என்னும் உடன்பிறந்தார் இருவர், போர் முடிந்தபின் வில்லேந்திக் காடுகளில் திரிந்தனர். மாரிஸ் தாம்சன் 1878இல் எழுதிய நூல் வில்வித்தைக்குப் புத்துயிர் அளித்தது.

அடுத்து நிகழ்ந்தது உள்ளத்தை உருக்குவது. 1911ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கலிபோர்னியாவில் ஓரோவில் என்னும் ஊரருகே, பசியால் மெலிந்த மனிதர் ஒருவர் தன்னந்தனியே வந்து சேர்ந்தார். வெள்ளைக் குடியேறிகளின் படுகொலைகளாலும், அதன் பின் வந்த துன்பங்களாலும் அழிந்துபோன யாஹி இனத்தில் எஞ்சிய கடைசி மனிதர் அவர். தம் பெயரைப் பிறரிடம் கூறுவது அவர் குல வழக்கமன்று. ஆதலால் அவருடைய மொழியில் 'மனிதன்' என்று பொருள்படும் இஷி என்னும் சொல்லையே அறிஞர்கள் அவருக்குப் பெயராக்கினர். சான் பிரான்சிஸ்கோ நகரில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அவர் தங்கியிருந்த காலத்தில், சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் அவரிடம் வில் செய்யவும், அம்பு தீட்டவும், ஓசையின்றி விலங்கை நெருங்கவும் கற்றுக்கொண்டார். 1916இல் இஷி காசநோயால் மறைந்தார். போப் 1923இல் வில்வேட்டை பற்றி வெளியிட்ட நூல் இன்றளவும் மேல்நாட்டு வில்லாளர்களால் போற்றப்படுகிறது.

இவ்விடத்தில் ஒன்றை மறவாது நினைக்க வேண்டும். இஷிக்கு வில் உணவு. போப்புக்கு அது விருப்பம். ஒருவர் தம் இனத்தையும் காட்டையும் இழந்த நிலையில் அதனைக் கற்பித்தார். மற்றவர் மருத்துவத் தொழிலும் வருவாயும் உடையவராய் அதனைக் கற்றார். பழைய வில்லுக்குத் திரும்பும் வரலாறு, அதனைத் திரும்பப் பெற இயலாத ஒருவரிடமிருந்து வலிமை பெற்றது.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர், வில்லின் இரு முனைகளிலும் கப்பிகளைப் பொருத்திப் புதுவகை வில் ஒன்றை உருவாக்கினார். 1966இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1969இல் கிடைத்தது. இதுவே காம்பவுண்டு வில். கப்பியின் அச்சு நடுவில் அமையாமல் சற்று விலகியிருப்பதால், நாணை இழுக்கும்போது முதலில் பளு ஏறி, முழுவதும் இழுத்தபின் திடீரெனக் குறைந்துவிடும். இக்காலத்து வில்களில் நூற்றுக்கு 65 முதல் 80 பங்கு வரை குறைவது இயல்பு. ஆகவே வில்லாளர் ஆற அமர நின்று குறிபார்க்க முடிகிறது. குறிமுள்ளும், நாணை விடுவிக்கும் விசையும் சேர்ந்தபின், முன்பு பல்லாண்டுப் பயிற்சியால் எய்த வேண்டியிருந்த திறத்தைச் சில திங்களிலேயே பெறலாயிற்று. அமெரிக்க வேட்டையாளர் பெரும்பாலோர் அவ்வில்லையே ஏற்றனர். அவர்களுள் ஒரு சிலர்தாம், "எளிதாய்விட்டபின் இதில் என்ன இருக்கிறது?" என்று எண்ணி மீண்டும் மரவில்லை எடுத்தனர். தொலைவிலிருந்து எய்யும் வசதியை விட்டு, அருகில் செல்லும் தொல்லையைத் தாமே வேண்டிப் பெற்றனர்.

நம் நாட்டில் நிகழ்ந்தது இதற்கு மறுதலையானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991இல் செய்யப்பட்ட திருத்தத்தால், உரிமம் பெற்று விளையாட்டாக வேட்டையாடும் வழியும் அடைபட்டது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சட்டத்தில் ஒரு சொல் வியப்பளித்தது. தமிழில் வேட்டை என்றால் துரத்திக் கொல்வதே நினைவுக்கு வரும்; சட்டமோ கண்ணி வைத்தல், விரட்டுதல், காயப்படுத்துதல், இவற்றுக்கு முயலுதல் ஆகிய அனைத்தையும் அச்சொல்லுள் அடக்குகிறது. துப்பாக்கியாயினும் மூங்கில் வில்லாயினும் குற்றம் ஒன்றே. விலங்கினங்கள் அருகிவிட்ட நிலையில் இச்சட்டம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும் நல்லமலைக் காட்டில் வில்லும் கிழங்குக் கோலும் கொண்டு வாழ்ந்த செஞ்சு மக்களுக்கு, அதுவரை வாழ்க்கையாக இருந்த ஒன்று குற்றமாயிற்று.

வேட்டைக்காடு மூடப்பட்டபின் நம் பழங்குடி இளைஞர் சிலருக்கு விளையாட்டுத் திடல் திறந்தது. இராசத்தானத்தில் உதயப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த லிம்பா ராம், மூங்கில் வில்லால் குருவியும் கௌதாரியும் வீழ்த்திப் பழகியவர். 1987இல் தேர்வாளர் கண்ணில் பட்டுப் புதுமுறை வில்லைக் கையில் ஏந்தினார். அது கப்பி வில்லன்று. ஒலிம்பிக்கில் வழங்கும் முனை வளைந்த ரிகர்வ் வில். 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் அவர் கலந்துகொண்டார். 1992இல் பெய்ஜிங்கில் உலகச் சாதனையைச் சமன் செய்தார். 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கப்பி வில்லிலும் நம்மவர் பின்தங்கவில்லை. 2014இல் இஞ்சியான் ஆசியப் போட்டியில் இந்திய ஆடவர் அணி தங்கம் வென்றது. 2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் ஜோதி சுரேகா மூன்று தங்கம் வென்றார். மூங்கில் வில்லும் முற்றிலும் மறையவில்லை. இந்தியச் சுற்று என்னும் பெயரில் 30 மீட்டர், 50 மீட்டர் தொலைவுகளில் மூங்கில் வில் போட்டி நடைபெறுகிறது. அண்டை நாடாகிய பூட்டானில், தேசிய விளையாட்டான வில்வித்தையை மூங்கில் வில்லிலும் கப்பி வில்லிலும் ஆடி, இரண்டையும் வாழவைத்திருக்கிறார்கள்.

ஆக, இருவேறு மனிதர் ஒரே பாதையில் எதிரெதிராக நடந்திருக்கின்றனர். அமெரிக்க வேட்டையாளர் கப்பி வில்லிலிருந்து மரவில்லுக்கு வந்தார். அது அவர் விருப்பம். உதயப்பூர் இளைஞர் மூங்கிலிலிருந்து புதுவில்லுக்குப் போனார். அது அவர் வாழ்வு. முன்னவரை மட்டும் வீரர் என்று போற்றி, பின்னவரை மரபை விட்டவர் என்று சொல்வது நடுநிலையாகாது. பழைமைக்குத் திரும்பும் உரிமை, வயிறு நிறைந்தவர்க்கே எளிதாகக் கிட்டுகிறது.

இதைக் கேட்ட இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இந்த மூங்கில் வில்லால் எனக்கு என்ன பயன், மாமா?" என்றார். வேட்டைக்குப் போக வேண்டாம். சட்டம் ஒப்பாது, காடும் தாங்காது. ஆனால் இருபது கஜத்தில் வைக்கோல் இலக்கை நிறுத்தி, குறிமுள் இல்லாமல் எய்து பார்க்கலாம். எத்தனை முறை தவறுகிறது என்று எண்ணினால், செஞ்சு வேடனுக்கும் இஷிக்கும் எத்துணை அறிவு இருந்தது என்பது கைக்குத் தெரியும். நூல் கற்பிக்காத மரியாதையை அது கற்பிக்கும். இவ்வாறு அவரிடம் கூறினேன்.

அவர் தந்தைக்கும் ஒன்று சொன்னேன். வெளிமாநிலங்களுக்கு வந்த நம்மில் பலர், பிழைப்பை முன்னிட்டு ஊரையும் ஊர்ப் பழக்கங்களையும் விட்டு வந்தவர்கள். அம்மியை விட்டோம், திண்ணையை விட்டோம். அது குற்றமன்று, தேவை. இன்று பிள்ளைகள் அவற்றுள் ஒன்றை விரும்பி எடுக்கும்போது, நாம் விட்டதற்காக வெட்கப்படவும் வேண்டாம். அவர்கள் எடுப்பதைக் கண்டு சினக்கவும் வேண்டாம். நாம் பட்ட பாட்டினால்தான் அவர்களுக்குத் திரும்பிப் பார்க்கும் ஓய்வு கிடைத்தது என்பதை இருவரும் உணர்ந்தால் போதும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தந்தையும் மகனும் சேர்ந்தே திடலுக்குச் சென்றனர். மாலையில் திரும்பிய தந்தை, தோளைத் தேய்த்துக்கொண்டே, "பத்து அம்பு விட்டேன், ஒன்றும் படவில்லை. இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் மானடித்தார்களோ!" என்றார். அவ்வியப்பையே நேயர்களுக்கும் பகிர்ந்தளித்து, இவ்வுரையை முடித்துக்கொள்கிறேன்.