மகளிர் மன்றம் தந்த மருத்துவமனை

அடையாற்றிலே, காந்தி நகரின் கால்வாய்க் கரையிலும் சர்தார் பட்டேல் சாலையிலும் நின்று பணியாற்றும் புற்றுநோய் மருத்துவமனையின் பெயரோடு மூன்று எழுத்துக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டபிள்யூ, ஐ, ஏ! கையிலே மருத்துவச் சீட்டும் கண்ணிலே கலக்கமுமாக நாள்தோறும் அந்த வாயிலைக் கடப்போர் எண்ணற்றோர். அவருள் எத்தனை பேர் அவ்வெழுத்துக்களின் பொருளைக் கேட்டிருப்பர்? யாரோ வெள்ளைக்காரச் சீமான் பெற்ற பட்டம் என்று எண்ணுவோரும் உண்டு. பட்டமும் அன்று, சீமான் பெயரும் அன்று. இந்திய மாதர் சங்கம் என்று தமிழில் வழங்கிய ஒரு மகளிர் மன்றத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்கள் அவை. ஒரு மாதர் மன்றம் பெற்றெடுத்த குழந்தை அந்த மருத்துவமனை!

மாதர் மன்றம் என்றதும் நம்மவர் பலரின் மனக்கண்முன் தோன்றுவது வேறு காட்சி. பட்டாடை, தேநீர், தட்டு நிறையப் பலகாரம், ஆண்டுக்கொருமுறை ஏழைச் சிறுவர்க்குப் பலகையும் பல்பமும் வழங்குதல், வழங்கும்போது புகைப்படம். அத்தகைய மன்றங்களே இல்லை என்று வாதாட நாம் வரவில்லை. மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அவை இருந்தன, இருக்கின்றன. கொடுப்பவர் மேட்டிலும் பெறுபவர் பள்ளத்திலும் நிற்கும் வரையில், வழங்கிய பலகையால் பள்ளம் நிரம்பாது என்பதையும் நாம் அறிவோம். ஆயினும், அதே மண்ணில் அதே மன்றங்களுள் சில, வழங்குவதோடு நில்லாமல், பள்ளத்தையே தூர்க்கப் புறப்பட்ட வரலாறும் உண்டு. அதனை நம் பாடநூல்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு அந்த ஒற்றை வரி உறுத்துகிறது.

முதலில் மயிலைக்குச் செல்வோம். 1886ஆம் ஆண்டில் அங்கே பிறந்த சுப்புலட்சுமி, விளையாட்டுப் பருவத்திலேயே மணமுடிக்கப்பட்டு, விளையாட்டுப் பருவத்திலேயே விதவையாக்கப்பட்டவர். தலையை மழித்து மூலையில் உட்கார வைப்பது அன்றைய அக்கிரகார நீதி. தந்தையார் அந்த நீதிக்குப் பணியவில்லை. மகளைப் படிக்க வைத்தார். 1911இல் சுப்புலட்சுமி பட்டதாரியானார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவரே. மறு ஆண்டே, 1912இல், சாரதா மகளிர் சங்கம் என்ற மன்றத்தைத் தோற்றுவித்தார். பெண்கள் கூடிப் படிக்கவும் பேசவும் ஒரு களம். அங்கே திரளும் பொருளைக் கொண்டு இளம் விதவைகட்குக் கல்வி. அவ்வளவே திட்டம். அவர் வீட்டில் ஒருசில பெண்களோடு தொடங்கிய விடுதி வளர்ந்தது. கடற்கரையோரம், அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் கட்டடத்திற்குக் குடிபுகுந்தது. பனிக்கட்டிக் கிடங்கு, பள்ளிப் பெண்களின் இல்லமாயிற்று!

பாராட்டுகிறோம். மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் மறைக்க வேண்டியதில்லை: அரசு உதவியோடு நடைபெற்ற அந்த விடுதி பார்ப்பன விதவைகட்கென்றே நடத்தப்பட்டது. மற்றைய குலத்துப் பெண்ணுக்குக் கண்ணீர் இல்லையா? கைம்மை இல்லையா? அரசினர் அஞ்சினர்; சாதி கலந்தால் வைதிகர் தம் பெண்களை அனுப்பமாட்டார் என்பது அவர் கூறிய காரணம். சகோதரி சுப்புலட்சுமி என்று நாடழைத்த அந்த அம்மையாரையே வைதிகர் ஏசிய காலம் அது என்பதையும் மறத்தலாகாது. பின்னர் 1927இல் அவர் தொடங்கிய சாரதா வித்தியாலயம் இன்று தியாகராய நகர் உஸ்மான் சாலையில் நிற்கிறது.

1917ஆம் ஆண்டு மே 8ஆம் நாள். ஐரோப்பாவில் முதல் உலகப்போர் மூண்டெரிகிறது. அடையாற்றிலே, இந்திய மாதர் சங்கம் பிறக்கிறது. தோற்றுவித்தோருள் முதன்மையானவர் இருவர்: டோரதி ஜினராஜதாசா, அயர்லாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்ற மார்கரெட் கசின்ஸ். அன்னி பெசண்ட் அம்மையார் தலைவர். பிரம்மஞான சபையின் வளாகத்தில் பிறந்தமையால், அச்சபையின் வேதாந்த வாடை சங்கத்தின் மீதும் வீசத்தான் செய்தது. 1918இல் வெளிவரத் தொடங்கிய அதன் ஏட்டிற்கு 'ஸ்திரீ தர்மம்' என்றே பெயர். பெயரைக் கண்டு நாம் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த ஏட்டின் பக்கங்களில், பெண்ணுக்கு வாக்கு வேண்டும், குழந்தை மணம் ஒழிய வேண்டும் என்ற முழக்கம் கேட்டது. கிளைகளிலே தையல், முதலுதவி, எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. தையல் கற்க வந்தவள் எழுத்தும் கற்றாள்; எழுத்துக் கற்றவள் ஏடு படித்தாள்; ஏடு படித்தவள், நமக்கேன் வாக்கு இல்லை என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி அதே ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், சென்னைக்கு வந்த இந்தியா மந்திரி மாண்டேகுவின் முன் வைக்கப்பட்டது. சரோஜினி நாயுடு தலைமையில் பெண்களின் தூதுக்குழு சென்றது. ஆணுக்கு எந்த விதியோ அதே விதிப்படி பெண்ணுக்கும் வாக்கு, என்பது கோரிக்கை. அதன்பின் வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழுவினர், இந்திய சமுதாயம் இதற்குப் பக்குவப்படவில்லை என்று கைவிரித்தனர். பாராளுமன்றமோ, மாகாணச் சட்டமன்றங்கள் விரும்பினால் வழங்கிக்கொள்ளட்டும் என்று பந்தைத் திருப்பி உருட்டிவிட்டது.

பந்து உருண்டு வந்தபோது சென்னையில் ஆட்சி நடத்தியது நீதிக்கட்சி. 1921இல் சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிற்று. பெண்ணுக்கு வாக்களித்த முதல் பிரிட்டிஷ் இந்திய மாகாணம் என்ற பெருமை சென்னைக்குக் கிட்டிற்று. சனநாயகத்தின் தாயகம் என்று சொல்லப்படும் இங்கிலாந்து, ஆணுக்குச் சமமான வாக்கைப் பெண்ணுக்கு அளித்தது 1928இல்! சமத்துவம் பேசிய பிரான்சு அளித்தது 1944இல்! சொத்தும் வரியும் உடையோர்க்கே அன்று வாக்கு என்பதால், சென்னையின் வாக்கு மாளிகைப் பெண்ணுக்குக் கிட்டியது. குப்பத்துப் பெண்ணுக்குக் கிட்டவில்லை. அவள் 1952 வரை காத்திருந்தாள்.

வாக்களிக்கும் உரிமைக்குப் பின், உறுப்பினராகும் உரிமை. 1926ஆம் ஆண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்தியாய் போட்டியிட்டுச் சொற்ப வாக்குகளில் தோற்றார். மாதர் சங்கத்தார் சோர்ந்துவிடவில்லை. பெண்ணொருவரை நியமித்தாக வேண்டும் என்றனர். அவ்வாறு சட்டமன்றம் புகுந்தவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவையின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

யார் இந்த முத்துலட்சுமி? புதுக்கோட்டையிலே, இசை வேளாளர் குலத்துச் சந்திரம்மாளின் மகளாக 1886இல் பிறந்தவர். மன்னர் கல்லூரியில் ஆண்களுக்கிடையே ஒற்றைப் பெண்ணாக அமர்ந்து பயின்றவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளிவந்தவர். 'தேவரடியார்' என்று பெயரிட்டுக் குலமொன்றின் பெண்மக்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கொடுமையை நூலிலே படித்து அறிந்தவர் அல்லர். தாய்வழிச் சுற்றத்திலேயே கண்டவர். எனவே சட்டமன்றத்தில் அவர் பேசியபோது, அது தானம் கேட்கும் குரலாக இல்லை. கணக்குக் கேட்கும் குரலாக இருந்தது.

1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். சாத்திரம் காட்டி எதிர்த்தவர் உண்டு; கலை அழிந்துபோம் என்று கண்ணீர் வடித்தவரும் உண்டு. தேசியத் தலைவர் சத்தியமூர்த்தியே எதிர்ப்பணியில் நின்றார்! சுயமரியாதை இயக்கத்தார் அம்மையாரின் பக்கம் நின்றனர். 1929இல் நிறைவேறிய சட்டம், கோயில் ஊழியத்திற்கென விடப்பட்ட மானிய நிலங்களை அப்பெண்களுக்கே உரிமையாக்கிற்று. ஊழியம் செய்தால்தான் நிலம் என்ற கட்டு அறுந்தது. இந்த நுட்பத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். 'நாளை முதல் பொட்டுக் கட்டாதே' என்று ஒரு பெண்ணிடம் கூறிவிட்டு, அவள் உண்ணும் சோற்றைப் பறித்துவிட்டால் அது சீர்திருத்தமா? சோற்றுக்கு வழி செய்துவிட்டு விலங்கை உடைத்ததே அச்சட்டத்தின் சிறப்பு. பொட்டுக் கட்டுதலையே குற்றமாக்கிய சட்டம் 1947இல் வந்தது. அதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில், அதே குலத்துதித்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊரூராக மேடையேறி முழங்கினார். 1936இல் 'தாசிகள் மோசவலை' என்ற புதினத்தையும் எழுதினார். அடையாற்று மன்றமும் மூவலூர் மேடையும் வெவ்வேறு உலகங்கள். ஒன்றில் ஆங்கிலம், மற்றொன்றில் பாமரர் தமிழ். இரண்டும் ஒரே கோட்டையின் இரு வாயில்களைத் தகர்த்தன.

சட்டம் வந்தது; வீட்டைவிட்டு வெளியேறிய இளம்பெண்கள் எங்கே செல்வது? சென்னைக்கு வந்த சிலர் விடுதிக் கதவுகளைத் தட்டினர். பார்ப்பனர் விடுதி, குலத்தைக் கேட்டுக் கதவை அடைத்தது. பார்ப்பனர் அல்லாதார் விடுதியும் அவ்வாறே அடைத்தது! ஆம், தோழர்களே, அதனையும் சொல்லத்தான் வேண்டும். ஒடுக்கப்பட்டவரும் தமக்குக் கீழே ஒருவரைத் தேடிக்கொள்வதே இந்நாட்டுச் சாதி அமைப்பின் சூழ்ச்சி. அப்பெண்கள் டாக்டரின் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். அவர் குலத்தைக் கேட்கவில்லை; உள்ளே அழைத்தார். அப்படி முளைத்ததே அவ்வை இல்லம். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றுப் பள்ளியாகவும் வளர்ந்தது.

மயிலையிலே துர்காபாய் அம்மையார் 1937இல் நிறுவிய ஆந்திர மகிள சபையைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இடையிலே படிப்பை இழந்த பெண்களைத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தியது அதன் அரும்பணி என்று மட்டும் இங்கே குறித்துவைப்போம்.

இனி, அந்த மூன்றெழுத்து மருத்துவமனை. 1923இல் முத்துலட்சுமி அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். டாக்டராகிய தமக்கையால், தங்கையின் துடிப்பைக் காண முடிந்ததேயன்றித் தணிக்க முடியவில்லை. பிறகு இங்கிலாந்து சென்றவர், அங்கே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை இயங்குவதைக் கண்டார். நம் நாட்டில் ஏன் இல்லை? 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அந்த வேட்கையை வெளிப்படையாகக் கூறினார். கூறியபின் எத்தனை ஆண்டுகள் கடந்தன! புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாகத்தானே போகிறார், அவருக்கு ஏன் மருத்துவமனை என்று ஆட்சிப் பீடத்திலிருந்து கேட்கப்பட்டதாக டாக்டர் சாந்தா பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். விதியின்மீது பழியைப் போட்டுவிட்டால் கருவூலத்திற்குச் செலவில்லை அல்லவா!

1949இல் மாதர் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கிற்று. தையல் வகுப்பு நடத்திய அதே சங்கம். வாக்குக் கேட்ட அதே சங்கம். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் கதவு திறந்தது. எத்தகைய மாளிகை? பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட எளிய குடில்! அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி ஊதியம் பெறாது உழைத்தார். 1955இல், அரசுப் பணி காத்திருக்க அதனை விடுத்து, இளம் பெண் மருத்துவர் சாந்தா அங்கே வந்து சேர்ந்தார். ஐம்பதுகளிலேயே கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. ஆசியக் கண்டத்திலேயே முதலாவது என்பர். 1960இல் குழந்தைகட்கெனத் தனிப் புற்றுநோய்ப் பிரிவு ஏற்பட்டது. பன்னிரண்டு படுக்கைகள் பல நூறாயின. பணமில்லாதவன் என்பதற்காக எவனும் திருப்பி அனுப்பப்படலாகாது என்ற கொள்கையோடு அது நடந்துவந்திருக்கிறது.

இதற்கிடையே மயிலையில் இன்னொரு மாதர் மன்றம், மயிலாப்பூர் லேடீஸ் கிளப், சகோதரி சுப்புலட்சுமியின் துணையோடு 1956இல் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கிற்று. பெயர் கேட்டால் சீட்டாட்டக் கூடம் என்று தோன்றும், செய்ததோ பள்ளி! அங்கே குப்பத்துப் பிள்ளைக்கு இடமுண்டா என்று நாம் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்.

முத்துலட்சுமி அம்மையார் 1968 ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டு சகோதரி சுப்புலட்சுமி. மகப்பேற்று நிதியுதவித் திட்டத்திற்கு முத்துலட்சுமியின் பெயரையும், திருமண உதவித் திட்டத்திற்கு மூவலூர் அம்மையாரின் பெயரையும் தமிழ்நாட்டு அரசு பின்னாளில் சூட்டிற்று. 2022இல் அத்திருமண உதவி, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டமாக மாறிற்று. தாலிக்கு அளித்த உதவி ஏட்டுக்கு அளிக்கும் உதவியாயிற்று. மகசேசே விருதும் பத்ம விபூஷணும் பெற்ற டாக்டர் சாந்தா, மருத்துவமனை வளாகத்திலேயே எளிய அறையொன்றில் வாழ்ந்து, 2021 ஜனவரியில் மறையும் வரை, அங்கே நோயாளிகட்கு இடையிலேயே இருந்தார்.