மாதவிடாய் நின்ற ஆண்டு: காரோடு எல்லைப் பகுதிப் பெண்களின் இதயநோய்க் கணிப்பில் விடுபட்ட தரவு

கேரளத்தில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வுகளுள் பெரிதும் பேசப்பட்ட ஒன்று திருவனந்தபுரத்தை அடுத்த நெய்யாற்றின்கரை வட்டத்தில் நடந்தது. காரோடு, பாறசாலை, குளத்தூர், பூவாறு என்று தமிழ்நாட்டு எல்லையையும் கடலையும் தொட்டுக் கிடக்கும் இந்த வட்டத்திலிருந்து 60 வாக்குச்சாவடிப் பகுதிகள் தெரிந்தெடுக்கப்பட்டன. 30 முதல் 60 வயதுக்கு உட்பட்ட, நீரிழிவு இன்னும் வராத, ஆனால் வரும் வாய்ப்பு மிகுந்த 1007 பேர் அவற்றிலிருந்து சேர்க்கப்பட்டனர். கே. ஆர். தங்கப்பன் முதலாசிரியராக இருந்த இந்தக் கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2018இல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளிவந்தன. சேர்க்கப்பட்டோரின் சராசரி வயது 46. அவர்களில் 47 விழுக்காட்டினர் பெண்கள்.

இந்தியப் பெண்களுக்கு இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதும் சராசரியாக 46, 47தான். ஆய்வுக்குள் வந்த பெண்களில் பலர் உடலின் மிகப்பெரிய மாறுதல்களுள் ஒன்றின் நடுவிலோ அதன் வாசலிலோ நின்றிருக்க வேண்டும். ஆனால் அவர்களைத் தெரிந்தெடுத்த அளவுகோலுக்கு அது தெரியாது. சென்னையில் வி. மோகன் குழுவினர் 2005இல் வகுத்த இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்ற நான்கை மட்டுமே கேட்கிறது. எளிமையே அதன் வலிமை. ஒரு நாடாவும் சில நிமிடங்களும் இருந்தால் எந்தத் திண்ணையிலும் கணக்கிட்டுவிடலாம். அந்த எளிமையைக் குலைக்காமலே இன்னொரு கேள்வியைச் சேர்க்க முடியும் என்பதும், எல்லையோரப் பெண்களின் இதயத்தைக் காக்க அது இன்றியமையாதது என்பதும் இக்கட்டுரையின் வாதம். மாதவிடாய் எப்போது நின்றது, எப்படி நின்றது என்பதே அந்தக் கேள்வி.

நெய்யாற்றின்கரைத் தரவை நான் முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் நீரிழிவைத் தடுக்க முடியும் என்று முதலில் நிறுவியது அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு. மூன்றாண்டுகளில் அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவும் நடையும் திருத்தப்பட்ட பிரிவில் அது 39.3 ஆகக் குறைந்தது. பெருமைக்குரிய சாதனைதான். ஆனால் அதில் கலந்துகொண்ட 531 பேரில் பெண்கள் 110 பேர் மட்டுமே. அதே குழு 2013இல் கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே நீரிழிவைத் தடுக்க முடியுமா என்று சோதித்தபோது சேர்த்த 537 பேரும் ஆண்கள். வேலையிடம் வழியாக ஆள் தேடினால் வேலைக்குப் போகும் ஆண்களே கிடைப்பார்கள். நெய்யாற்றின்கரையிலோ வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். அதனால்தான் முந்திரி ஆலைக்குப் போகிறவரும், ஊரக வேலையுறுதித் திட்ட வேலைக்குப் போகிறவரும், எங்கும் போகாமல் அடுக்களையிலேயே நாள் முழுவதும் நிற்கிறவரும் கணக்கில் வர வழி பிறந்தது. மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களைப் பற்றிக் கேட்கத் தகுந்த ஓர் ஆய்வுக்களம் இருந்தும் அந்தக் கேள்வி வாசலில் கேட்கப்படாமல் போனது என்பதே என் வருத்தம்.

அந்த ஆய்வின் முடிவும் கவனத்துக்குரியது. அண்டை வீட்டாரிலிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற துணைவர்கள் ஓராண்டு கூட்டங்கள் நடத்தினர். ஈராண்டு முடிவில் கையேடு மட்டும் பெற்றவர்களில் 17.1 விழுக்காட்டினருக்கும், கூட்டங்களில் பங்கேற்ற பிரிவில் 14.9 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. புள்ளியியல் கணக்கில் இது உறுதியான வேறுபாடு அல்ல. ஆனால் கூட்டங்களில் பங்கேற்ற பிரிவில் காய்கனி உண்பது கூடியது, மது அருந்துவது குறைந்தது. மது அருந்தும் பெண்கள் மிக அரிதான இந்தச் சமூகத்தில் இந்த இரண்டாவது பயன் ஏறத்தாழ முழுவதும் ஆண்களுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். பெண்ணுக்கென்று தனியாக மாற்றத் தக்கது எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மாதவிடாய் நிற்பதை ஏன் தனியே எண்ண வேண்டும்? வயது போதாதா? இந்த எதிர்வாதம் வலுவானது. அதற்கு நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஸ்வான் என்ற நெடுங்கால ஆய்வு 1990களிலிருந்து பல்லினப் பெண்களைப் பின்தொடர்ந்து வருகிறது. 2009இல் வெளிவந்த அதன் கண்டுபிடிப்பின்படி, இரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் இரத்த அழுத்தமும் வயதோடு சீராகவே ஏறுகின்றன. மாதவிடாய் நிற்பதால் அவற்றில் தனித் தாவல் இல்லை. ஆனால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக்குள் கூர்மையாக ஏறுகிறது. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, பிட்டத்திலும் தொடையிலும் தங்கிவந்த கொழுப்பு வயிற்றுக்குள் குடலைச் சூழ்ந்து படிகிறது என்பதும் தெரிந்ததே. ஆகவே சர்க்கரையை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இந்த மாறுதல் புலப்படாது. அதுவே என் வாதத்துக்கு ஆதாரம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை சரி என்று ஒரு பெண்ணை அனுப்பிவைக்கும் அதே ஆண்டில் அவளுடைய இரத்தக் கொழுப்பு மாறிக்கொண்டிருக்கலாம்.

சர்க்கரை இருந்துவிட்டால் நிலைமை இன்னும் கடுமை. பீட்டர்ஸ், ஹக்ஸ்லி, வுட்வர்ட் ஆகியோர் 2014இல் 64 ஆய்வுகளில் இருந்த எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவைத் தொகுத்தனர். நீரிழிவு உள்ள ஆணுக்கு இதயத் தமனி நோய் வரும் அபாயம், நீரிழிவு இல்லாத ஆணைவிட 2.16 மடங்கு, நீரிழிவு உள்ள பெண்ணுக்கோ, அது இல்லாத பெண்ணைவிட 2.82 மடங்கு. பெண்ணுடல் இளமையில் பெற்றிருக்கும் பாதுகாப்பை நீரிழிவு பறித்துவிடுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் கேரளத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை மிகுந்திருந்தது அல்லது அதற்கு மருந்து உட்கொண்டு வந்தார். இந்த இரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாற்பதுகளின் நடுவில் இருக்கும் பெண்ணை இப்போதைய முறையில் விட்டுவைப்பது எவ்வளவு பெரிய பிழை என்பது விளங்கும்.

எப்படி நின்றது என்பதும் எப்போது என்ற அளவுக்கு முக்கியம். 2019இல் மூன்று லட்சம் பெண்களின் தரவைத் தொகுத்த ஆய்வொன்று, 40 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்களுக்கு 60 வயதுக்குள் இதயநோயோ பக்கவாதமோ வரும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று காட்டியது. கருப்பையோடு சினைப்பைகளையும் இளவயதில் எடுத்துவிட்ட பெண்ணுக்கு இந்த மாறுதல் ஒரே நாளில் வந்துவிடுகிறது. 38 வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரும் 38 வயதில் மாதவிடாய் ஒழுங்காக வருபவரும், மற்றவை ஒத்திருந்தால், அபாய மதிப்பெண்ணில் ஒரே எண்ணைப் பெறுகிறார்கள். இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷாவின் கையில் இருக்கும் தேசியத் தொற்றாநோய்க் கணிப்புப் படிவம் முப்பது வயதைக் கடந்த எல்லோரிடமும் நிரப்பப்பட வேண்டியது. அதில் மதிப்பெண் தரும் பகுதி வயது, புகையிலை, மது, இடுப்பளவு, உடற்பயிற்சி, குடும்ப வரலாறு ஆகியவற்றைக் கேட்கிறது. மாதவிடாய் நின்றதைப் பற்றிய சொல் அடுத்த பகுதியில் ஒருமுறை வருகிறது: நின்ற பிறகு உதிரப்போக்கு உண்டா என்று. அது புற்றுநோயைக் கண்டுபிடிக்க. தேவையான கேள்விதான். கருப்பையை நினைத்த படிவம் இதயத்தை நினைக்கவில்லை.

மருத்துவர் முன் வரும் பெண்ணின் நிலையையும் பார்க்க வேண்டும். நள்ளிரவில் வியர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். மாதவிடாய் நிற்கும் காலத்து வெப்ப அலை அப்படித்தான் வரும். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிட்டு இரவில் சரியாக உண்ணாமல் படுத்தவருக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் அப்படித்தான் வரும். இதயத் தமனி அடைபடும்போதும் பெண்களுக்கு, நெஞ்சுவலியோடு அல்லது அது இல்லாமலேயே, வியர்வையும் மூச்சிரைப்பும் முதுகு, தாடை வலியும் குமட்டலும் வருவதுண்டு. 'இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்' என்ற ஆறுதல் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் சர்க்கரைமானியில் ஒரு துளி இரத்தம் பார்ப்பதும், அது தாழ்ந்திராவிட்டால் ஈசிஜி எடுப்பதும் இந்த மூன்றையும் பிரிக்கத் தொடங்கும் எளிய வழிகள்.

ஆய்வுக்கூடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மாதவிடாய் நிற்கும் முன் சில ஆண்டுகள் பலருக்கு உதிரப்போக்கு மிகுகிறது, இரும்புச்சத்து குறைகிறது. இரும்புச்சத்துக் குறைவு, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணை உண்மையைவிட உயர்த்திக் காட்டக் கூடும். அண்மையில் இரத்தம் மிகுதியாக இழந்திருந்தாலோ இரத்தம் ஏற்றியிருந்தாலோ அந்த எண்ணையே நம்ப முடியாது. எனவே இந்த வயதுப் பெண்ணுக்கு அந்த ஒரே எண்ணை நம்பி முடிவெடுப்பதைவிட, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பழைய சோதனை மேல். நெய்யாற்றின்கரை ஆய்வு அதைத்தான் செய்தது.

காரோடு போன்ற எல்லை ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. 1956இல் வரைந்த மாநில எல்லைக் கோடு விளவங்கோடு வட்டத்தைத் தமிழ்நாட்டுப் பக்கமும் நெய்யாற்றின்கரையைக் கேரளப் பக்கமும் ஒதுக்கியது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. எல்லை ஊரான களியக்காவிளைக்கு அப்பால் பிறந்து இப்பால் வாழ்க்கைப்பட்டவர் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறார். கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்ததா, அழுத்தம் ஏறியதா என்ற குறிப்பு தமிழ்நாட்டுப் பிரசவச் சீட்டில் தங்குகிறது. கர்ப்பகால நீரிழிவு பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பைப் பல மடங்காக்குகிறது, இதயநோய் அபாயத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது. இருபதாண்டு கழித்துக் காரோட்டுச் சுகாதார நிலையத்தில் அவர் நிற்கும்போது அந்தச் செய்தி வந்துசேர ஒரே வழி, யாராவது அவரிடமே கேட்பது. தமிழில் கேட்பது.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்து இதயத்தைக் காக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. 2002இல் அமெரிக்காவின் மகளிர் நல முன்முயற்சி ஆய்வில், ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்துச் சோதித்த, 16,608 பெண்களைக் கொண்ட பிரிவு இடையிலேயே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்று கூடியது, இதயத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கடும் வெப்ப அலைக்கு மருத்துவர் கண்காணிப்பில் அதற்கு இடமுண்டு, இதயத்தைக் காக்க அல்ல. நான் கேட்பது சிறியது. மாதவிடாய் நின்ற ஆண்டு, இயல்பாகவா அறுவையாலா, கர்ப்பத்தில் சர்க்கரையோ அழுத்தமோ இருந்ததா என்பவை படிவத்தில் ஏற வேண்டும். 45க்கு முன் நின்றிருந்தாலோ, கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தாலோ, மதிப்பெண் எதுவாயினும் கொழுப்புச் சோதனையும் அழுத்தமும் உடனே பார்க்கப்பட வேண்டும். கேரளத்தின் மகளிர் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் ஊர்தோறும் உண்டு; இதைப் பேசத் தயங்கும் பெண்கள் அங்கே பேசுவார்கள்.

அந்த 1007 பேரில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களுடைய பழைய சர்க்கரை, கொழுப்பு, இடுப்பளவு எல்லாம் ஆய்வுத் தரவாக உள்ளன. அவர்களிடம் மீண்டும் போய் விடுபட்ட கேள்வியைக் கேட்டு, யாருக்கு நீரிழிவு வந்தது, யாருக்கு மாரடைப்பு வந்தது என்பதோடு ஒப்பிட்டால் இக்கட்டுரை வாதமாகச் சொல்வதை எண்ணால் சோதித்துவிடலாம். திருவனந்தபுரத்திலிருந்து அரை நாள் பயணத்தில் செய்து முடிக்கக் கூடியதன்று. ஆனால் புதிதாக ஆயிரம் பேரைத் தேடுவதைவிட இது செலவு குறைந்த வேலை.