வளவும் வரலாறும்: குலாந்துரோச் செடியை முன்வைத்து ஒரு குறிப்பு

மருதமுனையின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுவோர் கைத்தறியிலிருந்தே தொடங்குவர். அது இயல்பே. தறியில் நெய்யப்பட்ட சாறனும் சேலையும் சந்தைக்குச் சென்றன. சந்தைக்குச் சென்ற பொருளுக்குக் கணக்கு உண்டு. தறி நின்ற அதே வளவின் கிணற்றடியில் கறிக்கென வளர்க்கப்பட்ட இலைகுழைகளுக்கு அத்தகைய சான்று இல்லை. விலைப்படாத உழைப்பு, குறிப்பாகப் பெண்களின் உழைப்பு, ஏடுகளில் ஏறுவதில்லை. இவ்வாறு விடுபட்ட பயிர்களின் வரலாற்றை எதனைக்கொண்டு அறிவது? குலாந்துரோ என்னும் செடியைக்கொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

மெக்சிக்கோ, நடு அமெரிக்கா, கரிபியத் தீவுகள் ஆகியவற்றுக்குரிய இச்செடி, கொத்தமல்லியின் குடும்பத்தது. தரையோடு விரிந்த நீண்ட இலைகளின் விளிம்பு வாள்போற் பல்லுடையது. மணம் கொத்தமல்லியினுடையதே, ஆயினும் பெரிதும் கடுமையானது. 1753இல் லின்னேயஸ் இதற்கு 'எரிஞ்சியம் ஃபெட்டிடம்' எனப் பெயரிட்டார். ஃபெட்டிடம் என்பதன் பொருள் துர்நாற்றமுடையது என்பதாம். சமைத்தவர்களை அவர் கேட்டிருக்க மாட்டார் போலும். (நாற்றம் என்ற நம் சொல்லே சங்கச் செய்யுட்களில் நறுமணத்தைக் குறித்தது என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கது.)

திரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு 1845 முதல் 1917 வரை 1,40,000க்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்தும் ஒரு பகுதியினர் சென்னையிலிருந்தும் கப்பலேறினர். வெப்பத்தில் கொத்தமல்லி விரைந்து பூத்து இலை குன்றிவிடும். தம் மல்லியின் மணத்தை அத்தீவின் செடியொன்றில் இனங்கண்ட அம்மக்கள், அதனைப் 'பந்தானியா', அதாவது காட்டுக் கொத்தமல்லி, என்றனர். அதே தீவில் அதற்குப் பிரெஞ்சு வழிவந்த 'சாடோ பெனி' என்ற பெயரும் உண்டு. ஆசி பெற்ற முட்செடி என்பது அதன் மூலப்பொருள்.

ஆசியாவில் இப்பெயர்கள் மேலும் சுவையானவை. மலாய் மொழியில் இது யாவாக் கொத்தமல்லி. மணிப்பூரில் பர்மியக் கொத்தமல்லி. கேரளத்தில் ஆப்பிரிக்க மல்லி. இவற்றுள் எதுவும் அமெரிக்காவைச் சுட்டவில்லை. கறுவாவுக்கு ஒல்லாந்தக் கம்பனி கணக்கு வைத்தது. இதற்கு வைப்பார் இல்லை. எனவே செடியின் பிறப்பிடத்தை மறந்து, அது வந்ததாகக் கருதப்பட்ட அயல்நாட்டையே பெயர்கள் நினைவுகூர்கின்றன என்பது எமது கருத்து. வணிக வரலாறு காட்டாத ஒரு பரிமாற்றத்தின் சுவடு இது.

மருதமுனை போன்ற கரையூர்களின் மணலில் இதனை வளர்ப்பது சற்றுச் சிரமமே. நிழலும் ஓயாத ஈரமும் வேண்டும். வெயிலில் இதுவும் பூத்துவிடும். மட்கிய எருவிட்டு, கிணற்றடி வாழையின் நிழலில் நடுதல் தகும். விதைகள் மிகச் சிறியவை. மண்மேல் தூவி மெல்ல அழுத்தினாற் போதும். முளைக்க மூன்று நான்கு வாரங்கள் செல்லலாம் ஆதலின் பொறுமை வேண்டும். முட்கள் நிறைந்த பூந்தண்டு எழுந்தவுடன் கிள்ளிவிட்டால் இலை தொடர்ந்து வரும். கொத்தமல்லி இலையை இறக்கும் வேளையில் இடுவர். இதனை இறைச்சி கொதிக்கும்போதே இடலாம், மணம் எளிதிற் போகாது. ஒரு சட்டிக்கு இரண்டு மூன்று இலைகள் போதும், அவையும் வெளிச்சுற்றிலிருந்து பறித்தவையாக.