எழுத்திலிருந்து தொடங்கும் விளக்கு: திருத்தணி வாசகரை முன்வைத்து நூலக ஒளியமைப்பு

நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதை எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் முதல் விதியாக வகுத்தார். அவ்விதியை ஒளிக்கும் நீட்டினால், வாசிப்பு விளக்கின் வடிவமைப்பு அறையின் பரப்பிலிருந்து அன்றி, படிக்கப்படும் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்த திருத்தணியில் தமிழும் தெலுங்கும் இன்றும் அருகருகே வழங்குகின்றன. தமிழ் மெய்யெழுத்தின் புள்ளியும், தெலுங்கு எழுத்தின் அடியில் சிறிதாக அமையும் ஒத்தும் பொருளையே மாற்றும் நுண்குறிகள் ஆதலால், தாளுக்கும் மைக்கும் இடையிலான வேறுபாடு மங்கும்போது வாசகரின் கண்ணுக்கு முதலில் தப்புபவை அவையே. மேலும், அறுபது வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளி இருபது வயதினருக்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பதால், நாளிதழ் படிக்கும் முதியவருக்கும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞருக்கும் ஒரே அளவு ஒளி பொருந்தாது.

நூலக வாசிப்பிடங்களுக்கு ஐரோப்பியத் தரநிலை 500 லக்ஸ் ஒளியைப் பரிந்துரைக்கிறது. லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒளியைக் குறிக்கும் அலகு. ஒளி தொலைவின் இருமடிக்கேற்பக் குறைவதால், மேசைக்கு நேர்மேலே 2.5 மீட்டர் உயரத்திலுள்ள ஒற்றை விளக்கு அந்த அளவைத் தர 3,125 கேண்டெலா செறிவும், அரை மீட்டர் உயரத்திலுள்ள விளக்கு 125 கேண்டெலா செறிவும் கொண்டிருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே இருபத்தைந்து மடங்கு வேறுபாடு உள்ளது. கோடை வெப்பம் கடுமையான இவ்வூரில் மின்விசிறி ஓய்வதில்லை. அதன் இறக்கைகளுக்கு மேலே குழல்விளக்கு இருந்தால், சுழலும் நிழல் பக்கத்தின் மீது இடைவிடாது துடிக்கும். மேசை விளக்கு இச்சிக்கலுக்கு அப்பாற்பட்டது.

எனினும், விளக்கு அருகில் இருப்பது மட்டும் போதாது. வாசகருக்கு நேர்முன்னே வைக்கப்படும் விளக்கின் ஒளி வழவழப்பான தாளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி எழுத்தை மறைக்கும் என்பதால், ஒளி பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். குறிப்பெடுக்கும் வலக்கையின் நிழல் விழாதிருக்க இடப்பக்கமே ஏற்றது. அமர்ந்திருப்பவரின் கண் மேசையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்குமானால், ஒளி ஊடுருவாத மூடியின் கீழ்விளிம்பு 40 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. அப்போதுதான் எதிரே அமர்ந்தவருக்கும் கண் கூசாது.

மேசை விளக்குகள் எளிதில் பழுதாகும் என்பதும், சுற்றிலும் இருள் சூழ்ந்தால் கண் களைக்கும் என்பதும் ஏற்கத்தக்க மறுப்புகளே. முதலாவதற்கு, விளக்கை மேசையோடு பிணைத்து, எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவரைத் தனியே கழற்றி மாற்றும்படி அமைப்பது தீர்வாகும். இரண்டாவதற்கு, மேற்சொன்ன தரநிலையே வாசிக்கும் பரப்பை ஒட்டிய சுற்றுப்புறத்திற்கு 300 லக்ஸ் கோருவதால், கூரை விளக்குகளை அகற்றாமல் துணை ஒளியாகப் பயன்படுத்துவதே முறை. ஆகவே, ஒளியமைப்பு ஒப்பந்தங்கள் விளக்குகளின் எண்ணிக்கையையும் வாட்டையும் மட்டும் குறிப்பிடாமல், இரவில் மின்விசிறி ஓடும் நிலையில் திறந்த பக்கத்தின் மீது அளக்கப்படும் லக்ஸையும், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விசை ஒவ்வொரு இருக்கையிலும் இருப்பதையும் ஏற்பு நிபந்தனைகளாக்க வேண்டும்.