‘மூலிகைதானே, என்ன ஆகப்போகுது?’ - கேப்ஸ்யூலை விழுங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்!

முடி கொட்டுதா? ஒரு கேப்ஸ்யூல். தூக்கம் வரலையா? ஒரு கம்மீஸ். தொப்பை குறையணுமா? ஒரு டீ பாக்கெட். இன்ஸ்டாவைத் திறந்தா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மூலிகை விளம்பரம் வந்து நிக்குது. எல்லாத்துலயும் ஒரே வரி: ‘100% நேச்சுரல், நோ சைடு எஃபெக்ட்ஸ்’.

சிக்கலே இந்த வரியில்தான் இருக்கிறது. உடம்புக்குள் போய் எதையாவது மாற்றினால்தான் ஒரு செடி மருந்தாகும். மாற்றும் சக்தி இருந்தால், தப்பான அளவில் தப்பான ஆளுக்குக் கொடுக்கும்போது கெடுக்கும் சக்தியும் இருக்கும். எதுவுமே செய்யாத பொருளுக்குத்தான் பக்க விளைவு இருக்காது.

சித்தா, ஆயுர்வேதம், யுனானி, சீன மருத்துவம் என எதுவாக இருந்தாலும், வைத்தியர்கள் கேட்கும் கேள்விகள் ஒன்றுதான். செடியின் எந்தப் பாகம், என்ன பக்குவம், எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு? டப்பாவில் அடைத்து ஆன்லைனில் விற்கும்போது முதலில் காணாமல் போவது இந்தக் கேள்விகள்தான்.

செடி நிஜமாவே வேலை செய்யும்

மூலிகை எல்லாம் சும்மா என்று ஒதுக்கவும் முடியாது. தூக்கமின்மைக்கும் மனநோய்க்கும் நம் நாட்டு வைத்தியத்தில் பல காலமாகப் பயன்பட்டது சர்ப்பகந்தா வேர். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1952-ல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. உலகமே பி.பி-க்குப் பயன்படுத்திய மருந்து அது. சிலரை மனச்சோர்வில் தள்ளுவதாகப் புகார் எழுந்ததும் அதே மருந்தின் மீதுதான்.

சீனாவிலிருந்து இன்னொரு உதாரணம். மலேரியாவுக்கு மருந்து தேடிய விஞ்ஞானி தூ யூயூ, சிங்ஹாவ் என்ற செடியைக் கொதிக்க வைத்துச் சாறெடுத்தபோது சரியான பலன் கிடைக்கவில்லை. 4-ம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்றில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். ‘சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ?’ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் சாறெடுத்தார். கிடைத்தது ஆர்ட்டெமிசினின். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செடி அதேதான், பக்குவம் மாறியதும் பலனும் மாறிவிட்டது.

பாகமோ பக்குவமோ அளவோ மாறினால் அதே செடி வேறொரு பொருளாகிவிடும். நம் வீடுகளில் இப்போது அதிகம் புழங்கும் சில மூலிகைகளை இந்தக் கண்ணோட்டத்தில் பார்ப்போம்.

மஞ்சள்: குழம்பு வேற, கேப்ஸ்யூல் வேற

‘தினமும் சாப்பிடற மஞ்சள்தானே’ என்று தோன்றும். கணக்கு போட்டுப் பாருங்கள். மஞ்சள்தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவிகிதம்தான். கடையில் விற்கும் 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் பலவற்றில் 95 சதவிகிதம் குர்க்குமின். அந்த ஒரு கேப்ஸ்யூலுக்கு ஈடாக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 5 டீஸ்பூன் மஞ்சள்தூளை அப்படியே விழுங்க வேண்டும்!

அதோடு முடியவில்லை. குர்க்குமின் உடம்பில் எளிதில் சேராது என்பதால், மிளகிலிருந்து எடுத்த பைப்பரினையும் சேர்க்கிறார்கள். பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் குர்க்குமின் சேரும் அளவு சுமார் 20 மடங்கு உயர்கிறது என்று 1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வு காட்டியது. இதே பைப்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்ற சில மாத்திரைகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடியது.

மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2019-ல் இத்தாலி அரசு விசாரித்தது. 2023-ல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரிக்கை வெளியிட்டது. இது அரிதாக நடப்பதுதான். ஆனால், சாம்பாரில் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் இப்படி எச்சரிக்கவில்லை என்பதைக் கவனிக்கணும்.

அமுக்கரா: வேரா, இலையா?

‘அஸ்வகந்தா’ என்று ஜிம் முதல் ஆபீஸ் டெஸ்க் வரை வந்துவிட்டது நம்ம ஊர் அமுக்கரா. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் முக்கியமாகப் பயன்படுவது அதன் கிழங்கு போன்ற வேர். இலையைச் சேர்த்தால் உற்பத்திச் செலவு குறையும் என்பதால் சில நிறுவனங்கள் இலையையும் கலந்தன. 2021-ல் ஆயுஷ் அமைச்சகம் ‘இலையைத் தவிருங்கள், வேரை மட்டும் பயன்படுத்துங்கள்’ என்று உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. 2023-ல் டென்மார்க், அஸ்வகந்தா கலந்த உணவுப் பொருள்களுக்கே தடை போட்டது.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கணும். அமுக்கரா தைராய்டு ஹார்மோன் அளவை உயர்த்தலாம். தூக்க மாத்திரை, சர்க்கரை, பி.பி மாத்திரைகளின் வேலையையும் கூட்டிவிடலாம். கர்ப்பிணிகள் தவிர்த்துவிடுவதே நல்லது.

சீந்தில்: கோவிட் கொடுத்த பாடம்

‘அமிர்தவல்லி’ என்று போற்றப்படும் சீந்தில் கொடியை, கோவிட் காலத்தில் இம்யூனிட்டிக்காக வீட்டுக்கு வீடு காய்ச்சிக் குடித்தார்கள். இந்தக் கஷாயம் குடித்த 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. சீந்திலைப் போலவே இருக்கும் அதே இனத்தின் வேறொரு கொடியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு, இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து இதே போன்ற 43 பேரின் விவரங்களை வெளியிட்டன.

விவாதம் எப்படிப் போனாலும், நமக்கு இதில் ஒரு விஷயம் தெளிவு. வேலியில் படர்ந்திருக்கும் கொடியைப் பார்த்து ‘இதுதான் அது’ என்று நாமே பறித்து, மாசக்கணக்கில் குடிப்பது வைத்தியம் இல்லை.

ஸ்லிம் டீ: எடை குறையலை, தண்ணிதான் குறையுது

‘டீடாக்ஸ் டீ’, ‘ஸ்லிம் டீ’ பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் ‘சென்னா’ என்று இருக்கும். அது நம்ம நிலாவாரை. ‘டின்னவெல்லி சென்னா’ என்று திருநெல்வேலி பெயரிலேயே உலகச் சந்தையில் விற்கப்படும் இலை. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால், பேதியில் போவது தண்ணீரும் உப்புகளும்தான், கொழுப்பு இல்லை. மறுநாள் எடை மெஷினில் குறைவது அந்தத் தண்ணீரின் எடை. வாரக்கணக்கில் தினமும் குடித்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து, தசை தளர்ச்சி முதல் இதயத் துடிப்புக் கோளாறு வரை வரலாம்.

பேர் மாறினா உயிரே போகும்

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸில், எடை குறைக்கச் சீன மூலிகை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 100 பேருக்கும் மேல். சீனப் பெயர் ஒரே மாதிரி இருந்ததால், ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி உள்ளே வந்திருந்தது. அதிலிருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் அதே இனம்தான். ‘ஆடே தின்னாது’ என்று பேரிலேயே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்கள்!

லேபிள்ல என்ன பார்க்கணும்?

* மருந்தா, உணவா? ‘சித்த மருந்து’, ‘ஆயுர்வேத மருந்து’ என்று இருந்தால், மருந்து உற்பத்தி லைசென்ஸ் எண்ணும் பேட்ச் எண்ணும் இருக்கணும். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் மட்டும் இருந்தால் அது உணவு சப்ளிமென்ட். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். நோயைக் குணமாக்கும் என்று அதை விற்கக் கூடாது.

* தாவரவியல் பெயர், பாகம், அளவு: இந்த மூன்றையும் சொல்லாமல் ‘அரிய மூலிகைகளின் கலவை’ என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

* வேற ஏதாவது கலந்திருக்கா? பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற உலோகங்கள் இருந்ததாக 2004-ல் ஓர் ஆய்வு வெளியானது. எடை குறைக்கும் ‘மூலிகை’ மாத்திரைகளில், இதய ஆபத்தால் திரும்பப் பெறப்பட்ட சிபுட்ரமின் சிக்கியதும் உண்டு. மூட்டுவலிப் பொடி ஒரே நாளில் அதிசயம் செய்தால், ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகப்படணும்.

இதை மட்டும் மறக்காதீங்க

* டாக்டர் ‘வேற என்ன மருந்து சாப்பிடறீங்க?’ என்று கேட்கும்போது மூலிகைப் பொடியும் அந்தப் பட்டியலில் சேரும். டப்பாவை போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

* ஆபரேஷன் தேதி குறித்துவிட்டால் எல்லா சப்ளிமென்ட்டையும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். பலவற்றை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

* கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமையாகப் போவது, உடம்பெல்லாம் அரிப்பு, காரணமில்லாத அசதி... இவற்றில் எது வந்தாலும் மூலிகையை உடனே நிறுத்திவிட்டு, கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

* மூலிகையை நம்பி சர்க்கரை, பி.பி, வலிப்பு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

* மூலிகை வைத்தியம்தான் வேண்டும் என்றால், பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் நேரில் போங்கள். பல அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது. நாடி பார்த்து, நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்டு, இத்தனை நாள் என்று எழுதிக் கொடுப்பார். ரீல்ஸ் உங்களிடம் கேட்பது கூப்பன் கோடு மட்டும்தான்.

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அன்பாக ஒரு ‘இம்யூனிட்டி காம்போ’ ஆர்டர் போடும் முன், அவர்களின் மாத்திரைச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கார்ட்டில் போட்டது அப்புறமும் அங்கேயேதான் இருக்கும்!