கிதாரின் மேல் காரின் நிறம்

நண்பர் ஒருவர் தம் தந்தை விட்டுச்சென்ற மின்கிதாரை எடுத்துவந்து நம்மிடம் காட்டினார். பூச்சு மயிரிழையாய் வெடித்திருந்தது. வாசிப்பவரின் முன்கை உராயும் விளிம்பில் மரமே வெளித்தெரிந்தது. கார்களுக்கு வண்ணமடிக்கும் பட்டறையில் கொடுத்துப் புதிதாக்கிவிடலாமா என்பது அவர் கேள்வி. இசைக்கருவிக்குக் கார் பெயின்ட்டா என்று முதலில் முகம் சுளித்தோம். வரலாற்றைப் புரட்டிய பின்னரே அச்சுளிப்பு நம் அறியாமை என்பது விளங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்களுக்கு எண்ணெய் வார்னிஷ் பூசப்பட்டது. ஒவ்வொரு பூச்சும் உலரக் காத்திருந்து ஒரு காரை முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய ‘டூக்கோ’ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் இந்நிலையை மாற்றியது. புகையற்ற வெடிமருந்துக்கும் பழைய திரைப்படச் சுருளுக்கும் அடிப்படையான அதே வேதிப்பொருளின் குடும்பம்தான் இது. 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்கள் இப்பூச்சில் நீலநிறம் பெற்று வெளிவந்தன. துப்பாக்கிபோன்ற கருவியால் தெளித்தால் விரைவில் உலர்ந்துவிடும். எந்த நிறமும் கூடும். நம் ஊர்ப் பெயின்டர்களின் பேச்சிலும் ‘டூக்கோ’ பொதுப்பெயராகவே புழங்குவதை வாசகர்கள் கேட்டிருக்கக்கூடும்.

கலிபோர்னியாவின் புல்லர்ட்டனில் லியோ பெண்டர் மின்கிதார் செய்யத் தொடங்கியபோது இந்த லாக்கர் ஆயத்தமாக இருந்தது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் பெரும்பாலும் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கருமையுமாக மரத்தின் ரேகை தெரியும்படி விற்கப்பட்டது. வேறு நிறம் வேண்டுவோர் கூடுதல் விலை தந்து பெறலாம் என்ற ஏற்பாடும் விரைவில் வந்தது. அந்நிறங்கள் டூபான்ட்டின் கார் அட்டவணையிலிருந்தே எடுக்கப்பட்டன. ‘பியஸ்டா ரெட்’ 1956ஆம் ஆண்டு போர்டு தண்டர்பேர்டின் நிறம். ‘சோனிக் ப்ளூ’வும் ‘லேக் பிளாசிட் ப்ளூ’வும் கேடிலாக்கிலிருந்து வந்தவை, ‘சர்ப் கிரீன்’ செவ்ரோலேவிலிருந்து. 1963இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட பயர்பேர்டு கிதாருக்கு வடிவம் தந்தவரே ரே டீட்ரிக் என்னும் கார் வடிவமைப்பாளர்தாம். ஆக, கார் பெயின்ட் கிதாருக்கு அயலன்று. பலவற்றுக்கு அதுவே பிறவி நிறம்.

அப்படியாயின் நண்பர் தயங்க வேண்டியதில்லை எனலாமா? இங்கேதான் வேதியியல் குறுக்கிடுகிறது. பழைய லாக்கர் அதிலுள்ள கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்கிறது. மறுபடியும் அதே லாக்கரைத் தெளித்தால் அடியிலுள்ள பூச்சு இளகிப் புதியதோடு ஒன்றாகிவிடும். ஆகவே பழுதுபார்ப்பது எளிது. ஆனால் காலப்போக்கில் அது மஞ்சளடிக்கும், வெடிக்கும். நீலக் கிதார்கள் பல இன்று பச்சையாகத் தோன்றுவதும் வெள்ளைக் கிதார்கள் வெண்ணெய் நிறமானதும் மேலே பூசிய நிறமற்ற லாக்கர் பழுத்ததனால்தான்.

இன்றைய பட்டறைகளில் பரவலாகப் பயன்படும் ‘கிளியர் கோட்’ வேறு இனம். அது ஹார்டனர் கலந்த யூரித்தேன், வேதிவினையால் இறுகுவது. பிரைமர் இட்டுத் தேய்த்து, நிறத்தை மெல்லிய படலங்களாகத் தெளித்து, மேலே கிளியர் கோட் அடித்து, இறுகிய பின் 1000, 1500, 2000 எண் உப்புத்தாள்களால் நீர்விட்டுத் தேய்த்து மெருகேற்றினால் கண்ணாடிபோல் பளபளக்கும். வெயிலும் வியர்வையும் அதனை எளிதில் தீண்டா. ஆனால் ஒருமுறை இறுகியது தின்னருக்கு மீண்டும் இளகாது. அந்த ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் தீராத ஆஸ்துமாவைத் தரவல்லது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையன்று இது.

வேதியியலைவிட நம்மைத் தயங்கவைத்தது வேறொன்று. புதுப்பூச்சுக்கு முன் பழையதைச் சுரண்டியாக வேண்டும். ஏடு பதிப்பிப்போர் ஓலையின் கீறலையும் கடைசி ஏட்டில் எழுதியவர் இட்ட தேதியையும் சான்றாகக் கொள்வர். கிதாரிலும் அத்தகைய சான்றுகள் உண்டு. 1950களின் பெண்டர் கிதார்கள் பலவற்றில் கழுத்தின் அடிப்பகுதியில் பென்சிலால் எழுதிய தேதி இருக்கும். தனிநிறத்தின் அடியில் முதலில் அடித்த மஞ்சளும் கருமையும் மறைந்திருப்பதுண்டு. ஜார்ஜ் ஹாரிசன் 1967இல் தம் சோனிக் ப்ளூ ஸ்ட்ராட்டோகாஸ்டர் மீது ஒளிரும் வண்ணங்களைத் தாமே பூசினார். அதைச் சுரண்டி ‘அசல்’ நீலத்தை மீட்க இன்று எவரும் துணியார். அந்தப் பிற்காலப் பூச்சே அதன் வரலாறாகிவிட்டது.

எனவே நண்பரிடம் நாம் சொன்னது இதுதான். கடையில் வாங்கிய சாதாரணக் கிதாராயின் கார் பெயின்ட் அடிப்பதில் குற்றமில்லை. அதற்கு மரபே உண்டு. ஆனால் விளிம்பில் மரம் தெரிகிறதே, அந்த இடத்தைத் தேய்த்தது அவர் தந்தையின் கை. எந்தப் பட்டறையாலும் அதை மீண்டும் பூசித்தர இயலாது.

அவர் கிதாரை உறையிலிட்டு எடுத்துச்சென்றார். தந்திகளை மட்டும் மாற்றியதாகப் பின்னர் அறிந்தோம்.